சிம்மக்கல் ஃப்ரீசர் அறையில் கசிந்த ஆறரைக் கிலோ வாயு: ஒரு நிகழ்வு ஆய்வு

அழகர் வைகையில் இறங்கும் வாரத்தில் மதுரையில் ஜிகர்தண்டா விற்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. 2023ஆம் ஆண்டின் அந்த வாரத்தில்தான், சிம்மக்கல் பகுதியில் ஐஸ்கிரீமும் வற்றக் காய்ச்சிய பாலும் தயாரித்து நகரின் நான்கு கடைகளுக்கு அனுப்பிவந்த ஒரு சிறு தயாரிப்புக் கூடத்தின் ஃப்ரீசர் அறை, மைனஸ் 20 டிகிரிக்கு இறங்காமல் மைனஸ் 11லேயே நின்றுவிட்டது. ஐஸ்கிரீம் இளகி, மறுபடி உறைந்து, மணல்போல் நறநறவென்று ஆகிவிட்டதாகக் கடைகளிலிருந்து புகார் வந்த பிறகே உரிமையாளர் என்னை அழைத்தார். குளிர்சாதனப் பொறியாளனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதியில் வேலை பார்த்துவரும் எனக்கு, இது பழகிப்போன கோளாறுதான். ஆனால் வெளிப்புற இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த பச்சை நிற வில்லை ஒன்றும், அதைக் காட்டி உரிமையாளர் சொன்ன ஒரு சொல்லும் இந்த நிகழ்வை எழுதிவைக்கத் தூண்டின.

"இது ஓசோனுக்குக் கெடுதல் இல்லாத கேஸ், சார். போன வருஷம் கூடுதலாகக் காசு கொடுத்துத்தான் மாற்றினோம். கசிந்தாலும் காற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னார்கள்."

அந்த வாக்கியத்தின் முதல் பாதி முழு உண்மை. கடைசிப் பகுதிதான் தவறு. ஓசோன் படலத்தைக் காப்பதற்காக உலகம் எடுத்த முடிவுகள் புவியின் வெப்பத்தை எப்படிக் குறைத்தன, எந்த இடத்தில் அந்த நன்மை கைநழுவுகிறது என்பதற்கு இந்த ஒரு ஃப்ரீசர் அறையே போதுமான சான்றாக இருந்தது.

கூடத்தின் பழைய கதை

அந்த அறையில் முதலில் இருந்தது ஆர்-22 என்ற குளிர்சாதன வாயுவில் ஓடும் மூன்று குதிரைத்திறன் இயந்திரம். அதன் கம்ப்ரசர் 2022 ஏப்ரலில் எரிந்துபோனது. அதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் நான்கு கிலோ கேஸ் ஏற்றியிருந்தார்கள் என்பது ரசீதுகளிலிருந்து தெரிந்தது. இயந்திரத்தை மாற்ற வந்தவர்கள், உள்ளே எஞ்சியிருந்த வாயுவை மொட்டை மாடியில் வால்வைத் திறந்து காற்றில் விட்டுவிட்டுக் கழற்றியிருக்கிறார்கள். அது மூன்று கிலோ அளவுக்கு இருந்திருக்கலாம் என்று அப்போது உடனிருந்த இளைஞரே ஒப்புக்கொண்டார். பிறகு ஆர்-404ஏ வாயுவில் ஓடும் புதிய இயந்திரம் வந்தது. வெளி இயந்திரமும் உள்ளே காற்றாடியுடன் இருக்கும் காயிலும் புதியவை. இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய் மட்டும் பழையது. செலவைக் குறைக்கச் செய்த அந்த ஒரு சிக்கனம், மற்ற எல்லாச் சிக்கனத்தையும் தின்றுவிட்டது.

புதிய இயந்திரத்தில் முதலில் நிரப்பியது ஐந்து கிலோ. 2022 ஜூலையில் ஒன்றரைக் கிலோவும், நவம்பரில் ஒரு கிலோவும், 2023 மார்ச்சில் இரண்டு கிலோவும் ஏற்றினார்கள். மொத்தம் நாலரைக் கிலோ 'டாப்-அப்'. ஒவ்வொரு முறையும் அறை குளிர்ந்தது, ரசீது வந்தது, யாரும் கசிவைத் தேடவில்லை.

நான் போன அன்று காயிலின் நுழைவுப் பக்கத்தில் மட்டும் பனி படிந்து, மீதி முக்கால் பாகம் வெறுமையாக இருந்தது. கேஸ் குறைந்த இயந்திரத்தின் முகம் அது. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்கும் முன்பே சொல்லிவிடலாம். இருந்த வாயுவை மீட்பு இயந்திரத்தால் ஒரு சிலிண்டரில் இழுத்து எடைபோட்டோம். மூன்று கிலோ வந்தது. இங்கேதான் கணக்கு முகத்தில் அறைந்தது. நிரப்பியது ஐந்தும் நாலரையுமாக ஒன்பதரைக் கிலோ. கையில் இருப்பது மூன்று. ஆக, பதின்மூன்று மாதங்களில் காற்றில் கலந்தது ஆறரைக் கிலோ. ரசீதுகளை மட்டும் கூட்டியிருந்தால் நாலரை என்றுதான் எழுதியிருப்பேன். டாப்-அப் கணக்கு எப்போதும் உண்மையான இழப்பைவிடக் குறைவாகவே சொல்லும் என்பதை நானே அன்றுதான் எடைத்தட்டில் பார்த்து உணர்ந்தேன்.

ஆறரைக் கிலோ என்றால் எவ்வளவு

ஒரு வாயு நூறாண்டுக் காலத்தில் புவியை எவ்வளவு சூடாக்கும் என்பதைக் கரியமில வாயுவோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணுக்குப் புவி வெப்பமாக்கும் திறன் என்று பெயர். பரவலாகக் கையாளப்படும் பட்டியலின்படி ஆர்-22க்கு அந்த எண் 1,810, ஆர்-404ஏவுக்கு 3,922. அதாவது கசிந்த ஆறரைக் கிலோ, ஏறத்தாழ 25,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே இயந்திரம் ஒழுங்காக ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 39 யூனிட் மின்சாரம் எடுக்கும். நம் நாட்டின் மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்று கொண்டால், பதின்மூன்று மாத மின்சாரத்தின் பங்கு ஏறக்குறைய 11 டன். மின்கட்டணத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிடும் உரிமையாளருக்கு, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சூடு ஒரு செப்புக் குழாயின் இணைப்பு வழியே சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது தெரியாது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் ஸ்கூட்டர் ஒன்று இதே அளவு வெளியிட வேண்டுமென்றால் ஐந்து இலட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதே ஆறரைக் கிலோ பழைய ஆர்-22ஆக இருந்திருந்தால் 11.8 டன்னோடு நின்றிருக்கும். ஓசோனைக் காக்கும் வாயுவுக்கு மாறியதால் இந்தக் கூடத்தின் வெப்பப் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்பது மறுக்க முடியாத உண்மை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஓசோன் பாதுகாப்பே புவியைச் சூடாக்கிவிட்டது என்று சொல்லக் கிளம்பினால், பெரிய படத்தைத் தலைகீழாகப் பிடித்தவர் ஆவோம்.

பெரிய படம்

குளிர்சாதன வாயுக்களின் இந்த இரட்டை முகத்தை முதலில் கண்டு சொன்னவர் ஒரு தமிழர் என்பதும், அவரது தொடக்கமே ஒரு கசிவில்தான் என்பதும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து வாயு ஏன் அவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. பிறகு அமெரிக்கா சென்று வளிமண்டல ஆய்வுக்குள் நுழைந்த அவர், 1975இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில், சி.எஃப்.சி. (குளோரோஃபுளோரோகார்பன்) எனப்படும் அந்நாளைய குளிர்சாதன வாயுக்கள் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1974இல், வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் இதே வாயுக்கள் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று நேச்சர் இதழில் எழுதியிருந்தார்கள்.

காரணம் எளிது. புவியிலிருந்து விண்ணுக்குத் திரும்பும் வெப்பத்தில் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் ஏற்கெனவே தடுத்துவிடுகின்றன. ஆனால் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் வழி திறந்தே இருக்கிறது. நன்றாக வேய்ந்த ஓலைப் பந்தலில் நடுவே விட்ட இடைவெளி வழியே அனல் மேலே போவதுபோல. குளோரினும் ஃபுளோரினும் கொண்ட இந்த வாயுக்கள் சரியாக அந்த இடைவெளியில் வந்து ஓலை போட்டுவிடுகின்றன. அதனால்தான் கொஞ்சம் இருந்தாலே பெரிய விளைவு.

இவற்றின் குளோரின்தான் ஓசோனின் எமன். சி.எஃப்.சி. மூலக்கூறுகள் கீழே எதனோடும் வினைபுரியாமல், ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலம்வரை ஏறி, அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, விடுபட்ட ஒரு குளோரின் அணு ஓசோன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சிதைக்கிறது. ஆர்-22இல் ஹைட்ரஜனும் இருப்பதால் அதில் பெரும்பகுதி கீழ் வளிமண்டலத்திலேயே சிதைந்துவிடுகிறது. ஆகவே சி.எஃப்.சி.-11 வாயுவின் ஓசோன் அழிப்புத் திறனை 1 என்று கொண்டால், அதன் திறன் 0.055 மட்டுமே. ஆர்-404ஏவில் குளோரினே கிடையாது, எனவே ஓசோனுக்கு அதனால் ஆபத்து இல்லை. பச்சை வில்லை சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

1985இல் அன்டார்க்டிகாவின் ஹேலி விரிகுடா ஆய்வு நிலையத்து அளவீடுகள் ஓசோன் துளையை உலகுக்கு அறிவித்தன. 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் நெறிமுறை என்ற பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1989இல் நடைமுறைக்கு வந்தது; இந்தியா 1992இல் சேர்ந்தது. வளரும் நாடுகளும் 2010 தொடங்கியதோடு சி.எஃப்.சி. உற்பத்தியைக் கைவிட்டன. ஓசோனுக்காகப் போட்ட இந்தத் தடையால் 2010ஆம் ஆண்டில் தவிர்க்கப்பட்ட வெப்பமாக்கும் வாயுக்களின் அளவு, காலநிலைக்காகவே எழுதப்பட்ட கியோட்டோ நெறிமுறையின் 2008–2012 காலக் குறைப்பு இலக்கைப்போல் ஐந்து முதல் ஆறு மடங்கு என்று வெல்டர்ஸ் என்ற ஆய்வாளரும் பிறரும் 2007இல் கணக்கிட்டார்கள். ஓசோனே ஒரு வெப்பம் பிடிக்கும் வாயு என்பதால், அது மெலிந்தபோது சிறிது குளிர்ச்சியும், அது மீளும்போது சிறிது வெப்பமும் உண்டு, ஆனால் சி.எஃப்.சி.யை நிறுத்தியதால் கிடைத்த இலாபத்தின் முன் அது சிறு கழிவுதான்.

சிம்மக்கல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தடை வராமல், அதே ஆறரைக் கிலோ ஆர்-12 என்ற சி.எஃப்.சி. வாயுவாகக் கசிந்திருந்தால் அதன் வெப்பமாக்கும் திறனான 10,900ஐக் கொண்டு பெருக்க வேண்டும். 70 டன்னைத் தாண்டுகிறது. ஓசோனுக்கும் அடி விழுந்திருக்கும். நறுக்கென்று சொன்னால், நம் கூடத்து உரிமையாளர் மோசமான மெக்கானிக்கிடம் சிக்கியும் 70க்குப் பதில் 25இல் தப்பினார் என்றால், அதற்குக் காரணம் அந்த நெறிமுறை.

இன்னொரு கணக்கு வேளாண்மை சார்ந்தது. தடை வராதிருந்தால் கூடுதலாகப் பாயும் புற ஊதாக் கதிர் செடிகொடிகளின் வளர்ச்சியை முடக்கி, அவை உறிஞ்ச வேண்டிய கரியமில வாயு காற்றிலேயே தங்கியிருக்கும். அதையும் சேர்த்து இந்நூற்றாண்டின் இறுதியில் மேலும் சுமார் 2.5 டிகிரி வெப்பம் கூடியிருக்கும் என்று 2021இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதில் 1.7 டிகிரி வாயுக்களால் நேரடியாக வருவது. எஞ்சிய பகுதி, பச்சை இலைகள் வேலை செய்யாமல் போவதால் வருவது.

இங்கே ஒரு சிறு விலகல். பயிற்சி வகுப்புகளில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "ஓசோன்ல ஓட்டை விழுந்ததாலதானே சார் மதுரையில இவ்வளவு வெயில்?" இல்லை. துளை ஏற்படுவது அன்டார்க்டிகாவுக்கு மேலே, அங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரை ஒட்டிய மாதங்களில். நமக்கு அருகிலேயே கொடைக்கானல் வானாய்வகத்தில் 1950களின் இறுதியிலேயே ஓசோன் அளவு எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த அட்சரேகையில் ஓசோன் இயல்பாகவே துருவப் பகுதிகளைவிட மெல்லியது, சூரியனும் உச்சியில் நிற்கிறது. அக்கினி நட்சத்திரம் அந்தத் துளையின் வேலையன்று. இரண்டு பிரச்சினைகளையும் இணைப்பது வெயிலன்று. குழாய்க்குள் ஓடும் வாயு.

மறந்துபோன பாதி

சி.எஃப்.சி.க்குப் பதிலாக முதலில் ஆர்-22 போன்றவையும், பிறகு குளோரின் இல்லாத ஹெச்.எஃப்.சி.களும் (ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள்) வந்தபோது, ஓசோன் என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஆர்-404ஏ, வீட்டு ஏசிகளின் ஆர்-410ஏ (2,088), வாகன ஏசிகளின் ஆர்-134ஏ (1,430) ஆகியவை அப்படி வந்தவை. இந்தக் குறையை ஒப்புக்கொண்டு திருத்தியது, ருவாண்டாவின் கிகாலியில் 2016 அக்டோபரில் மாண்ட்ரியல் நெறிமுறைக்கு ஏற்கப்பட்ட திருத்தம். ஓசோனுக்குத் தீங்கில்லாத வாயுக்களை, காலநிலைக்காகவே, ஓசோன் நெறிமுறையின் கீழ்க் குறைக்க முடிவெடுத்தார்கள். முழுமையாக நிறைவேறினால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரிவரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. 2021இல் இந்தியா இதை ஏற்றது; 2028 முதல் ஹெச்.எஃப்.சி. பயன்பாடு மேலும் கூடாமல் நிறுத்தி, 2032இல் 10 சதவீதமும், படிப்படியாக 2047இல் 85 சதவீதமும் குறைக்க வேண்டும்.

அட்டவணை சரி. ஆனால் அந்த அட்டவணை சிம்மக்கல் சந்துக்குள் வந்து சேரும் வழி ஒரு மெக்கானிக்கின் கைதான். 2019இல் மைய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம் ஒரு இலட்சம் பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சியும் சான்றும் தர இலக்கு வைத்தது இதனால்தான். இயந்திரத்தை மாற்றியவர்களைக் குறைசொல்வது எளிது. வாயுவை மீட்கும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறுவதற்கு வாடிக்கையாளர் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கசிவைத் தேடியது

உலர் நைட்ரஜனை ஏற்றி ஓரிரவு விட்டோம். காலையில் கேஜ் முள் இறங்கியிருந்தது. சோப்பு நுரை வைத்துத் தேடியதில் மூன்று இடங்கள் அகப்பட்டன.

முதலாவது, சுவர்த் துளை. பழைய செப்புக் குழாய் உறையில்லாமல் சுவரைக் கடந்து, இரும்புப் பிடியில் உரசி உரசி, ஊசிமுனை அளவுக்குத் தேய்ந்திருந்தது. ஆர்-404ஏவின் அழுத்தம் ஆர்-22ஐவிடச் சற்று அதிகம். பழையதில் மெல்லக் கசிந்தது புதியதில் விரைவாகக் கசிந்தது.

இரண்டாவதுதான் சுவையானது. திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் காயிலுக்குள் விடும் விரிவு வால்வில், குழாயின் விரித்த முனையைப் பிடிக்கும் ஃப்ளேர் நட். ஃப்ரீசர் அறைக்குள் ஈரக்காற்று புகுந்து நட்டின் இடுக்கில் நீராகத் தங்கும், உறைந்தால் விரியும், பனி நீக்கும் நேரத்தில் உருகும், மறுபடி உறையும். தண்ணீர் பாறையைப் பிளப்பதுபோல், சில மாதங்களில் இறுகிய நட்டையே நெகிழ்த்திவிடும். நட்டின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்காத இடங்களில் இந்தத் தொல்லை வராது. இறுக்கிவிட்டுப் போனால் மூன்று மாதத்தில் மீண்டும் வரும். அதனால்தான் டாப்-அப் தேதிகள் அப்படி இடைவெளி விட்டு வந்திருக்கின்றன என்று தோன்றுகிறது.

மூன்றாவது, வெளி இயந்திரத்தின் சர்வீஸ் வால்வில் மூடி இல்லை. நுரை நிதானமாகக் குமிழியிட்டது. ஒரு மூடியின் விலை ஒரு ஜிகர்தண்டாவைவிடக் குறைவு.

உடன் வந்த தம்பி பழைய குழாயை அறுத்துப் பார்த்தார். உள்ளே பழைய கனிம எண்ணெயின் கருத்த படிவு. புதிய வாயுவுக்கான எஸ்டர் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. அது பழைய படிவோடு சேர்ந்து கிடந்தால் கம்ப்ரசர் அடுத்த கோடையைப் பார்க்காது. "அண்ணே, இந்தக் குழாயை வச்சுக்கிட்டா என்ன கேஸ் போட்டாலும் இதே கதைதான்" என்று அவர் உரிமையாளரிடம் சொன்னார். நான் அரைமணி நேரம் விளக்கியதைவிட அது நன்றாகப் போய்ச் சேர்ந்தது.

புதிய குழாய் இழுத்து, உறையிட்டு, ஃப்ளேர் இணைப்புகளை நீக்கிப் பற்றவைத்தோம். வால்வுக்கு மூடி. வடிகட்டி மாற்றினோம். வேக்குவம் பம்பால் குழாயை 500 மைக்ரான் என்ற ஆழ்ந்த வெற்றிடத்துக்கு இழுத்து, நிறுத்திய பிறகும் முள் அசையாததைப் பார்த்துவிட்டே, மீட்டு வைத்திருந்த மூன்று கிலோவை வடிகட்டிச் சேர்த்து, குறைவுக்குப் புதிது இரண்டு கிலோ திரவ நிலையில் எடைபோட்டு ஏற்றினோம். கம்ப்ரசர் ஒரு நாளில் ஓடும் நேரம் இருபது மணியைத் தாண்டியிருந்தது, பதினான்குக்கு இறங்கியது.

வாயுவையே மாற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். ஆர்-448ஏ, ஆர்-449ஏ போன்ற கலவைகளின் வெப்பமாக்கும் திறன் 1,400க்குச் சற்றுக் குறைவு. அடுத்த இயந்திரத்துக்கு அதைப் பரிந்துரைத்தேன். புரோப்பேன் இன்னும் நல்லது, அதன் எண் ஒற்றை இலக்கம். ஆனால் அடுப்பெரியும் கூடத்தின் பக்கத்தில், நெருக்கமான சந்துக்குள், ஐந்து கிலோ எரியும் வாயுவை நீண்ட குழாயில் ஓடவிட நான் துணியமாட்டேன். நான்கு கடைகளிலும் இருக்கும் சிறிய பெட்டி ஃப்ரீசர்களுக்கு அது பொருந்தும். அவற்றில் ஏறுவது சில நூறு கிராம்கூட இல்லை. இரண்டு கடைகளில் ஏற்கெனவே அப்படித்தான் வைத்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

இந்தக் கூடத்துக்கு இன்னொரு கிடங்கு உண்டு. அங்கே பாலுக்கான சிறு குளிர் அறை இன்னும் ஆர்-22இல் ஓடுகிறது. வளரும் நாடுகள் 2030க்குள் அதைக் கைவிட வேண்டும்; பழுதுபார்ப்புக்கு மட்டும் சிறிதளவு 2040வரை அனுமதி. அவசரப்பட்டு மாற்ற வேண்டாம், இணைப்புகளைப் பற்றவைத்து ஓடவிடலாம் என்று முடிவுசெய்தோம். மாற்றும் நாளில் வாயுவைச் சிலிண்டரில் இழுக்க எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

ஃப்ரீசர் அறைக் கதவருகே ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்குகிறது. யார் வந்தாலும் சிலிண்டரை ஏற்றும் முன்னும் பின்னும் எடைபோட்டு எழுத வேண்டும். 2024 சித்திரைத் திருவிழா முடிந்து, கத்திரி வெயிலும் கழிந்தபின் போய்ப் பார்த்தேன். கேஸ் சேர்த்த அளவு என்ற பத்தியில் எதுவும் எழுதப்படவில்லை. பச்சை வில்லை வெயிலில் வெளுத்து ஒரு மூலை பிய்ந்திருந்தது. அதை ஒட்டியே விட்டுவிட்டு, பக்கத்தில் வாயுவின் பெயரையும் 3,922 என்ற எண்ணையும் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டு வந்தேன்.